மூஷிகத்துக்கும் ஒரு கொழுக்கட்டை

பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள். கொழுக்கட்டைக்கு அரிசி எடுக்கப் போனால், மூட்டையின் மூலையில் ஓட்டை! தரையெல்லாம் அரிசிக் குருணை. வந்த ஆத்திரத்தில், அன்று இரவே சமையல் மேடைக்கு அடியில் எலி மருந்து வைத்துவிட்டேன்.

மறுநாள் பூஜையில், களிமண் பிள்ளையாரின் பாதத்தருகே இருந்த குட்டி மூஷிகத்துக்கும் ஒரு கொழுக்கட்டை வைத்தோம். ‘‘ஏம்மா, நேத்து ராத்திரி அதுக்கு விஷம் வெச்சே... இன்னிக்கு கொழுக்கட்டை வைக்கிறியே?’’ என்றாள் மகள். எனக்குப் பதில் வரவில்லை.

உங்களில் பலருக்கும் இந்தச் சங்கடம் இருக்கும், தோழிகளே! எலியைக் கொல்வது பாவம் என்கிறது மனசு; அரிசி பாழாகிறதே என்கிறது குடும்பப் பொறுப்பு. எதைக் கேட்பது?

கந்தபுராணம் சொல்லும் கதையைப் பாருங்கள். எந்த ஆயுதத்தாலும் அழியாத வரம் பெற்ற கஜமுகாசுரன் தேவர்களை வாட்டி வதைத்தான். விநாயகப் பெருமான் தன் தந்தத்தையே ஒடித்து அவன்மேல் எறிந்தார். வீழ்ந்தவன் பெருச்சாளியாக உருமாறிப் பாய்ந்து வந்தான். பெருமான் அவனைக் கொல்லவில்லை. அதற்காக, ‘போய்க்கொள்’ என்று விட்டுவிடவும் இல்லை. அடக்கினார், ஏறி அமர்ந்தார், வாகனமாக்கிக்கொண்டார்!

(பிள்ளையாரின் வாகனம் மூஞ்சூறு என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் மூஞ்சூறு கரப்பான், பூச்சிகளைத் தின்னும் பிராணி. எலி இனமே அல்ல. வளை தோண்டி, நெல்லையும் கிழங்கையும் கொறிப்பது பெருச்சாளிதான்.)

எலிக்கும் பெருச்சாளிக்கும் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூடவே முடியாது. நம் மூட்டையில் ஓட்டை போடுவது அதன் துஷ்டத்தனம் அல்ல, பிழைப்பு! வயல் வரப்பில் வளை தோண்டும் எலி, கதிர்களைக் கத்தரித்துக் கொண்டுபோய் உள்ளே சேமித்து வைக்கும். காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கங்களில் இருளர் இன மக்கள், பானையில் வைக்கோலைக் கொளுத்தி வளைக்குள் புகை ஊதி எலி பிடிப்பார்கள். வளையைத் தோண்டினால் படிக்கணக்கில் நெல் கிடைக்கும். அவர்களில் எத்தனையோ குடும்பங்கள் அந்த நெல்லில் கஞ்சி காய்ச்சியிருக்கின்றன. எலியின் களஞ்சியம் ஏழையின் களஞ்சியமாகவும் இருந்திருக்கிறது.

இன்னொரு எலியின் கதை வேதாரண்யத்தில் இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடலோரம் உள்ள இந்தத் தலத்துக்குத் திருமறைக்காடு என்பது பழைய பெயர். ‘வேதாரண்யம் விளக்கழகு’ என்பார்கள். அங்கே சந்நிதி விளக்கு ஒன்று அணையும் நிலையில் இருந்தது. நெய்யைத் தின்ன வந்த எலியின் மூக்கைச் சுடர் சுட, அது துள்ளியதில் திரி தூண்டப்பட்டு விளக்கு பிரகாசித்தது. திருடத்தான் வந்தது, பக்தி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஆனாலும் மறுபிறவியில் அதை மூவுலகும் ஆளும் மகாபலிச் சக்ரவர்த்தியாக்கினார் ஈசன்! திருக்குறுக்கை வீரட்டப் பதிகத்தில் அப்பர் பெருமான் இதைப் பாடியிருக்கிறார்.

வயிற்றுப் பசிக்கு வந்த எலிக்கே அந்தக் கருணை என்றால், நான் வைத்த விஷம் உறுத்தத்தானே செய்யும்? விஷம் தின்ற எலியைத் தின்னும் பூனையும் சாகும், ஆந்தையும் சாகும். ஆந்தையோ, வங்காளத்தில் மகாலட்சுமியின் வாகனம்! நம் ஊர் விவசாயிகள் வயலில் குச்சி நட்டு, ஆந்தை வந்து உட்கார இடம் செய்து கொடுக்கிறார்கள். இரவில் எலி பிடிக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். பசை அட்டை விஷத்தைவிட மோசம். ஒட்டிக்கொண்ட எலி, உயிர் போகும்வரை துடித்துக்கொண்டே கிடக்கும்.

அன்று பூஜை முடிந்ததும் மருந்தை எடுத்து அப்புறப்படுத்தினேன். அரிசியை மூடி போட்ட எவர்சில்வர் டிரம்முக்கு மாற்றினேன். குழாய் நுழையும் சுவர் ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்தார் என் கணவர். பரணிலிருந்த மாமியாரின் பழைய எலிக்கூண்டைத் தேடி எடுத்து, தேங்காய்ச் சில்லைச் சுட்டு மாட்டி வைத்தோம். பிடிபட்டால் ஏரிக்கரையில் விட வேண்டும் என்பது மகளின் உத்தரவு.

இரண்டு நாளாகத் தேங்காய்தான் காணாமல் போகிறது. எலி இன்னும் சிக்கவில்லை!