நர்ஸ்களுக்குப் பதிலாக மாணவிகள்: பொறுப்பாளி யார்?

ஜும்ஆ உரை, திருக்கடையூர்

 

சென்ற வாரம் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் கையைப் பிடித்து நிறுத்தி ஒரு மஸ்அலா கேட்டார். அவர் மகள் நர்ஸிங் படிக்கிறாள். நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்யும்போது, அந்த இடத்தில் மாணவிகளை நிறுத்தினால் மகள் போகலாமா? அதில் பாவம் உண்டா?

இப்படி நடந்திருக்கிறது. 2017 ஜூலையில் கேரளாவின் கண்ணூரில் தனியார் மருத்துவமனை நர்ஸ்கள் சம்பள உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். காய்ச்சல் பரவிய மழைக்காலம். மாவட்ட ஆட்சியர் 144-ஐக் கையில் எடுத்தார். முதலாமாண்டு தவிர மற்ற நர்ஸிங் மாணவிகளை மருத்துவமனைகளுக்கு அனுப்பும்படி கல்லூரிகளுக்கு உத்தரவிட்டார். ஒரு நாளைக்கு 150 ரூபாய். நம் வயலில் நடவுக்கு வரும் பெண் அந்தக் கூலிக்கு வருவாளா? மாணவிகள் மறுத்துவிட்டார்கள்.

நோயாளிக்கு ஆள் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும்தான். மயிலாடுதுறைக்கோ நாகப்பட்டினத்துக்கோ நம் தாயைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அங்கே ஒருவர் இருக்க வேண்டும் என்றுதான் நாமும் துஆ செய்கிறோம். ஆனால் யார் அந்த ஒருவர்?

அகழ் யுத்தத்தில் காயம்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், காயத்துக்கு மருந்திடத் தெரிந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில்தான் சேர்க்கப்பட்டார்கள். அன்போடு பார்த்துக்கொள்ள மதீனாவில் ஆளா இல்லை? மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்தால், விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பு என்பது நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு (அபூதாவூத் 4586).

மாணவிகள் எப்போதும் வார்டுக்குப் போகிறவர்கள்தானே என்பார்கள். போகிறார்கள், பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்று பார்க்கும்போது. பொட்டாசியம் குளோரைடு மருந்தை நீர்த்துக் கலக்காமல் நேராக ஏற்றினால் இதயமே நின்றுவிடக்கூடும். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டியவர்தான் வேலைநிறுத்தத்தன்று அங்கே இல்லை. தவறு நேர்ந்தால் வீட்டார் சட்டையைப் பிடிப்பது அந்தப் பிள்ளையை. என் சிற்றறிவுக்குப் படுவது, தெரிந்தே அவளை அனுப்பியவரும் அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

இன்னொன்று, கூலி. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்வதை புகாரி 2227-ல் பார்க்கிறோம். நம் தமிழ்நாட்டில் 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுக்கப்பட்ட ஒப்பந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது, திரும்பினார்கள்.

கூலி கேட்டவரிடம் பேசாமல் வெளியாளை இறக்கும் கதை நம் டெல்டாவுக்குப் புதிதல்ல. 1968-ல் நெல்கூலி கூடுதலாகக் கேட்டபோது அறுப்புக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பகை வெண்மணியில் 44 உயிர்களில் போய் முடிந்தது. வார்டும் வயலும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் நினைவுக்கு வருகிறது.

நர்ஸ் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்: மூச்சுத் திணறுகிறவரை அப்படியே விட்டு வெளியேற உங்களுக்கும் அனுமதி இல்லை. அவசரப் பிரிவில் ஆள் வைத்துவிட்டுப் போராடுங்கள்.

கண்ணூர் என்ன ஆயிற்று? அதே ஜூலை 20-ம் தேதி முதலமைச்சர் முன்னிலையில் பேசினார்கள். 50 படுக்கை வரையுள்ள மருத்துவமனையில் குறைந்தது 20,000 ரூபாய் என்று முடிவானது, வேலைநிறுத்தமும் முடிந்தது. அதை முதலிலேயே பேசியிருக்கலாம்.

அந்தச் சகோதரருக்கு என் பதில்: மகள் போய் நோயாளிக்குக் கஞ்சி ஊட்டட்டும், புரட்டிப் படுக்க வைக்கட்டும், அது ஸதகா. ஊசியையும் மருந்தையும், பொறுப்பான நர்ஸ் பக்கத்தில் நிற்காமல் தொட வேண்டாம். வற்புறுத்தினால், எழுத்தில் உத்தரவு கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்கத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், ஜமாஅத்திலிருந்து நாலு பேர் உங்களோடு வருகிறோம்.