பழுதடைந்த வீடும் பேரத்தின் அறமும்

வீட்டை விற்பவன் அதன் குறையை வாங்குபவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டவனா? இவ்வினா புதியதன்று. கி.மு. 44இல் உரோம அறிஞர் சிசரோ, கடமைகள் பற்றி எழுதிய நூலில் இதனை ஆராய்ந்தார். மரவேலை கெட்டு இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டை, அதனை அறிந்தும் மறைத்து விற்றல் தகாது என்பதே அவர் முடிபு. உரோமன் டச்சுச் சட்டம் வேரூன்றிய நம் நாட்டிலும், மறைந்து கிடக்கும் குறைக்குப் பொதுவாக விற்பவனே பொறுப்பாளி. கண்ணிற்படும் குறையை வாங்குபவன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்நீதி பெரிதும் விற்பவனை நோக்கியே பேசுகின்றது. வாங்குபவனுக்குக் கடமை எதுவும் இல்லையா?

1990இலும் 1995இலும் போரினால் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல, பின்னர் ஓடும் தீராந்தியும் கதவு நிலையும் இழந்த வெறுஞ் சுவர்களுக்கே திரும்பின. அச்சுவர்கள் தம் குறையை எவருக்கும் மறைக்கவில்லை. இத்தகைய வீடு விலைக்கு வரும்போது, கூரைக்கு இவ்வளவு, பூச்சுக்கு இவ்வளவு என்று திருத்தச் செலவைக் கழிப்பது முறையே. ஆனால் பேரம் அவ்வளவில் நிற்பதில்லை. காணிக்குத்தான் விலை, வீட்டுக்கு விலையில்லை என்பார் தரகர். இடித்து அகற்றும் கூலியும் காணி விலையிற் கழிக்கப்படும். கிணறும் அத்திவாரமும் உறுதியான சுவரும் கணக்கில் வருவதில்லை. விற்பனை முடிந்தபின் அவை அப்படியே பயன்படுவதும் உண்டு.

திருத்தச் செலவுக்கு மேலாகக் குறைக்கப்படும் அத்தொகையை நாம் என்னவென்று அழைப்பது? விற்பவரின் தேவைக்கு விதிக்கப்படும் தண்டம் என்பதே பொருந்தும். மகளின் சீதனத்துக்கோ மருத்துவத்துக்கோ உடனே பணம் வேண்டியவர் நல்ல விலைக்குக் காத்திருக்க இயலாது. திருத்திய பின் விற்றாற் கூடிய விலை கிடைக்கும். திருத்தக் கையிற் பணமிருந்தால் அவருக்கு விற்கவே நேர்ந்திராது. வறுமை வீட்டைப் பழுதாக்குகிறது. பழுது விலையை வீழ்த்துகிறது. வீழ்ந்த விலை வறுமையை நிலைநிறுத்துகிறது.

இருவரும் மனமொப்பியே உறுதி எழுதினர் என்று சிலர் வாதிடலாம். காத்திருக்கக் கூடியவனும் காத்திருக்க முடியாதவளும் செய்யும் ஒப்பந்தம் சமமானோரின் ஒப்பந்தமாகுமா?

வாங்குபவனின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இவ்வநீதி தீராது. திருத்த வேலைக்கு இலகு தவணையிற் கடன் வழங்கும் கூட்டுறவு ஊர்தோறும் வேண்டும். அப்போதுதான் விற்பவர், வேண்டாத விலையை வேண்டாம் என்று சொல்லும் வலிமை பெறுவார். குறையை மறைத்து விற்பவனை வஞ்சகன் என்கிறோம். நிறையைக் கண்டும் காணாதவன்போல் வாங்குபவனைக் கெட்டிக்காரன் என்று புகழும் வழக்கத்தையேனும் நாம் இன்றே கைவிடலாம்.