சாம்பலின் கணக்கு

சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் கோடை முற்றும் முன்பே தரைச் சருகுக்குத் தீ வைத்துவந்தார்கள். தரகு பெங்கி என்று அதற்குப் பெயர். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கும் 1974இல் மலை சரணாலயம் ஆனதற்கும் பிறகு அந்தத் தீ குற்றமாயிற்று. தீ நின்றதால்தான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்கிறார்கள் சோளகர்கள். வைக்காத தீக்கும் விளைவு உண்டு. குமாவூன் பைன் காடுகளில் வனத்துறை வைத்தால் அது பராமரிப்பு. 1921இல் மக்கள் வைத்தபோது கலகம். ஆக, தீ நல்லதா என்ற கேள்வியோடு யாருடைய தீ என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

நான் வங்கிக் குமாஸ்தா. பற்று வரவு பார்க்காமல் எனக்கு எதுவும் விளங்குவதில்லை. சருகு எரிந்தால் சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் பெரும்பாலும் சாம்பலில் தங்குகின்றன. மண்ணின் அமிலம் குறைகிறது. முதல் மழைக்குப் புல் பச்சென்று வருகிறது. இது வரவு. தழைச்சத்தோ 200 டிகிரிச் சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கிவிடுகிறது. அதை மண்ணுக்குத் திருப்பித் தருபவை பெரும்பாலும் பயறுவகைச் செடிகளும் நுண்ணுயிர்களும், ஆண்டுக்கணக்காகும். நிலம் சரிவாக இருந்து மழையும் வலுத்தால் சாம்பலும் ஓடையோடு போய்விடும். பச்சையைக் காட்டித் தீயை நியாயப்படுத்துகிறவன் பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிறான்.

சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பைப் பற்றிக் கடுமையாக எழுதினேன். அதில் சொன்ன எதையும் இன்றும் வாபஸ் வாங்க மாட்டேன். மோசமான வரிகளை எரித்தால்தான் புதிது முளைக்கும் என்று காந்திபுரம் டீக்கடையில் பேசவும் செய்தேன். அவர் அதன்பின் எழுதவில்லை. மற்றவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக எழுதினார்கள். அந்தப் பச்சையை என் வரவில் வைத்துக்கொண்டேன்.

விமர்சனமே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. பரஸ்பரப் பாராட்டுதான் நம் உண்ணிச்செடி. ஆனால் சோளகர், தாம் தீ வைத்த காட்டில்தான் அடுத்த மழைக்கும் கிழங்கு தோண்ட வேண்டியிருந்தது. தீ பிசகினால் நஷ்டம் அவருக்கு. நான் வைத்துவிட்டு அடுத்த தொகுப்புக்கு நகர்ந்துவிட்டேன். என் பிழை கடுமையில் இல்லை, அந்த நிலத்தில் நான் தங்காததில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

அவர் இப்போது பொள்ளாச்சியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகலாமென்றிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க அல்ல. ஏதாவது எழுதுகிறாரா என்று கேட்க.