விலக்கப்பட்ட ஆயர்

வெள்ளிப் பொருள்களைத் திருடிப் பிடிபட்டவனிடம், “இவற்றை மறந்துவிட்டாயே” என்பதுபோல மெழுகுதிரித் தண்டுகளையும் ஈந்தனுப்பும் ஆயரை விக்டர் ஹ்யூகோ படைத்தார். மன்னிப்பைப் பற்றி அதனினும் சிறந்த மறையுரை அரிது. அவர் இடம்பெறும் ‘லே மிசராப்ல’ புதினமோ 1864 முதல் 1959 வரை திருச்சபையின் விலக்கப்பட்ட நூற்பட்டியலில் கிடந்தது! சுத்தானந்த பாரதியார் அதனை ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழாக்கியதும், 1950இல் அது திரைப்படமானதும் அத்தடைக் காலத்திலேதான். நம்மவர் எத்தனை பேர் திரையரங்கில் கண்கலங்கினரோ!

திருத்தந்தை நான்காம் சின்னப்பர் 1559இல் வெளியிட்ட பட்டியலில் ஆன்மாக்களின்மீது அக்கறை இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் நஞ்சென்று ஒதுக்கியதில் மருந்தும் போயிற்று. நூலை இழந்ததைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. நன்மை தீமையைப் பகுத்தறியும் பொறுப்பைப் பிறரிடம் விட்டுப் பழகிய மனச்சான்று, தானே தேர்ந்துகொள்ளும் ஆற்றலை இழக்கிறது. படியாத நூலை வெறுக்கவும் கற்கிறது. கீழ்ப்படிதல் என்று இதற்குப் பெயரிட என் மனம் ஒப்பவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த மறு ஆண்டு, 1966இல், பட்டியல் தன் சட்ட வலிமையை இழந்தது. விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஊறு செய்யும் எழுத்துகளைக் குறித்து விழிப்பாயிருக்கும் அறநெறிக் கடமை மட்டும் நீடிக்கும் என்று உரோமை அறிவித்தது. அக்கடமையை நிறைவேற்ற வேண்டியது இனி வாசகரின் மனச்சான்றே.