காயத்தைக் கழுவின காவற்காரன்

(தியானப் பகுதி: அப்போஸ்தலர் 16:19-40)



போன மாதம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, நம்முடைய சபை வாலிபத் தம்பி ஒருவர் ஹால் டிக்கெட்டோடு வந்து நின்றார். சீருடைப் பணியாளர் தேர்வு எழுதப்போகிறார். காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் என்று மூன்று வேலைக்கும் ஒரே பரீட்சைதான். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடவேண்டும் என்று விடியற்காலமே கிரவுண்டுக்குப் போகிற தம்பி.

"பாஸ்டர், போலீஸ் வேலை கிடைக்கணும்னு ஜெபம் பண்ணுங்க. ஆனா ஜெயில் வார்டர்ல மட்டும் தள்ளிடக்கூடாது."

பின்னாலே நின்ற அவருடைய அம்மா, "ஆமாங்கய்யா, ஜெயில்ல வேலைன்னா யாரு பொண்ணு குடுப்பா?" என்றார்கள். எல்லாரும் சிரித்தோம். நானும் அப்படியே ஜெபித்து அனுப்பிவிட்டேன்.

ஆனால் அன்று இராத்திரி ஆவியானவர் என்னைத் தூங்கவிடவில்லை. வேறொரு இராத்திரியை எனக்கு ஞாபகப்படுத்தினார்.

சில வருஷங்களுக்கு முன்னே, சிறைக் காவலராய் வேலை பார்க்கிற ஒரு சகோதரர் முழு இராத்திரி ஜெபம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். "பாஸ்டர், ஒரு விசாரணைக் கைதியை அடிச்சிட்டேன். எல்லாரும் அடிச்சாங்க, நானும் லத்தியை எடுத்தேன். என் பையன் வயசு இருக்கும். திருவிருந்து அப்பத்தைத் தொடவே கை நடுங்குது" என்று அழுதார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையில் கைவைத்து ஜெபித்து, "கர்த்தர் மன்னிச்சிட்டார் பிரதர், சமாதானமாப் போங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் போனார், சமாதானம் அவரோடே போகவில்லை. குற்றம் அவர்மேல் மட்டுமல்ல பிரியமானவர்களே, என்மேலும் இருந்தது. பிலிப்பி சிறைச்சாலைக்காரனைப்பற்றி வேதாகமக் கல்லூரியில் பரீட்சை எழுதி மார்க் வாங்கினவன் நான். 31-ம் வசனத்தை மனப்பாடமாய்ச் சொல்லுவேன். 33-ம் வசனத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

1. அவன் முதலில் தண்ணீர் எடுத்தது யாருக்காக?

பவுலையும் சீலாவையும் அடிக்கச் சொன்னவர்கள் பட்டணத்து அதிகாரிகள். சிறைச்சாலைக்காரன் அடித்ததாக வேதம் சொல்லவில்லை. ஆனாலும், இரத்தம் வடிகிறவர்களை அப்படியே உள்ளறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினவன் அவன்தான். "மேலே இருந்து ஆர்டர்; நான் என் டியூட்டியைப் பார்த்தேன்" என்று நிம்மதியாய்த் தூங்கினான்.

பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. கைதிகள் ஓடிப்போனால் காவற்காரன் தலை போகிற காலம் அது. பேதுரு வெளியேறின இராத்திரிக்குப் பிறகு ஏரோது அந்தக் காவற்காரரைக் கொல்லச் சொன்னான் (அப். 12:19). ஆகவே இவன் தன்னையே மாய்த்துக்கொள்ளப் பட்டயத்தை உருவினான். அவனைத் தடுத்தது யார்? அவன் பூட்டிவைத்த கைதி!

வசனத்தைக் கேட்டான், பிறகு என்ன? விடியட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. தண்ணீர் எடுத்தான், அடிபட்ட முதுகுகளைச் சுத்தம் செய்தான். அதற்குப் பின்புதான் ஞானஸ்நானத் தண்ணீருக்குள் போனான். முதல் தண்ணீர் அவர்கள் காயத்துக்கு, அடுத்த தண்ணீர் அவன் பாவத்துக்கு. இந்த வரிசையைக் கவனியுங்கள்! அல்லேலூயா!

நாலாம் நாள் நான் அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போனேன். "பிரதர், நான் பாதிதான் சொன்னேன். அந்தத் தம்பியின் காயத்தை யார் பார்த்தது?" என்று கேட்டேன். இரண்டு பேரும் முழங்காலில் நின்று அழுதோம். மறுநாள் அவர் அந்தப் பையனை ஜெயில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார், மன்னிப்புக் கேட்டார். மேலதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தார். விசாரணை வந்தது, இன்க்ரிமென்ட் நின்றது, கூட வேலை செய்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்தப் பையனும் ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். ஆனால் அடுத்த திருவிருந்தில் அவர் கை நடுங்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

2. காவலில் இருக்கிறவன் யார்?

"உள்ளே இருக்கிறவன் எல்லாம் குற்றவாளிதானே" என்று நாம் சுலபமாய்ப் பேசிவிடுகிறோம். 2022-ம் வருஷக் கடைசியில் நம்முடைய தேசத்துச் சிறைகளில் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதில் சுமார் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலு பேரில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே ஆகவில்லை! யோசேப்பும் செய்யாத குற்றத்துக்காக உள்ளே போனவன்தானே?

தீர்ப்பானவனானாலும் அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கைது செய்தவரை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்னே நிறுத்தவேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லுகிறது. கைது செய்கிறவர் பெயர் தெரிய பேட்ஜ் போடவேண்டும், சாட்சி கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுதவேண்டும், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கவேண்டும் என்று 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. பவுலும் சும்மா போய்விடவில்லை. விசாரிக்காமல் ரோமனை அடித்தீர்களே என்று அதிகாரிகளைக் கேட்டான்; அவர்களே வந்து தயவாய்ப் பேசி வெளியே கூட்டிக்கொண்டு போகும்படி செய்தான். சட்டத்தைக் கேட்பது அவிசுவாசம் அல்ல.

2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஒரு தகப்பனும் மகனும் அடிக்கப்பட்டு மரித்ததை நாம் மறக்கவில்லை. போலீஸ்காரர்கள்மேல் சிபிஐ கொலைக் குற்றம் சாட்டிய வழக்கு அது. அதே நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த நடுவரிடம், பயத்தின் நடுவிலும் தான் கண்டதைச் சொன்னார். காக்கிக்குள் ஒரு மனச்சாட்சி உயிரோடிருந்தால் போதும், உண்மை வெளிச்சத்துக்கு வரும்.

3. இந்த வேலைக்குப் போகலாமா?

தாராளமாய்ப் போகலாம்! யோவான் ஸ்நானனிடத்தில் போர்ச்சேவகர் வந்து கேட்டபோது, வேலையை விடு என்று அவன் சொல்லவில்லை. மிரட்டிப் பறிக்காதே, பொய்க் குற்றம் சுமத்தாதே, சம்பளம் போதும் என்றிரு என்றுதான் சொன்னான் (லூக்கா 3:14). இது ஆற்றங்கரையில் கொடுக்கப்பட்ட போலீஸ் டிரெயினிங்!

எபெத்மெலேக்கைப் பாருங்கள். உளையான துரவில் கிடந்த எரேமியாவைத் தூக்கக் கயிறு மட்டும் போதாதா? அவனோ கிழிந்த பழந்துணிகளைத் தேடி எடுத்து, அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் போட்டான் (எரே. 38:12). கயிறு உறுத்தக்கூடாதாம்! அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவனுக்கு எத்தனை கரிசனை பாருங்கள்!

அந்தத் தம்பியை மறுபடியும் கூப்பிட்டேன். "தம்பி, போன தடவை தப்பா ஜெபிச்சிட்டேன், வாங்க" என்று சொல்லி, "ஆண்டவரே, ஸ்டேஷனோ ஜெயிலோ, உமக்குச் சித்தமான இடத்தில் வையும். அந்தக் கையை மட்டும் காத்துக்கொள்ளும்" என்று ஜெபித்தேன். அம்மாவும் கண்ணீரோடே ஆமென் சொன்னார்கள்.

தேவபிள்ளையே, உங்கள் கையில் லத்தி இல்லாமல் இருக்கலாம். வீட்டிலே, கடையிலே, சபையிலே உங்கள் அதிகாரத்தின்கீழ் ஒருவர் இருக்கிறாரே! உங்களால் உண்டான காயம் இன்னும் கழுவப்படாமல் இருக்கிறதா? விடியும்வரை காத்திராதேயுங்கள்.

ஜெபிப்போமா?

பரலோகப் பிதாவே, காக்கி உடுத்தின எங்கள் பிள்ளைகளுக்காக, கம்பிக்குப் பின்னே இருக்கிறவர்களுக்காக, வாசலில் மனு கொடுத்துக் காத்து நிற்கிற தாய்மாருக்காக மன்றாடுகிறோம். மன்னிப்புக் கேட்கத் தைரியம் தாரும். தண்ணீர் எடுத்துக்கொண்டு போக எங்கள் கால்களுக்குப் பெலன் தாரும். இயேசுவின் மூலம் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்! ஆமென்!