ஈகையும் நிபந்தனையும்

பிறருக்கு உதவுபவன் அவ்வுதவிக்கு ஈடாக எதனையேனும் எதிர்பார்க்கலாமா? பணத்தையும் புகழையும் எதிர்பார்த்தல் தகாது என்பதை எவரும் இலகுவில் ஒப்புக்கொள்வர். ஆனால், உதவி பெறுபவனின் ஆன்ம ஈடேற்றத்தையே ஒருவன் எதிர்பார்த்தால்? அதுவும் அன்பின் ஒரு கூறே என்று அவன் மெய்யாக நம்பினால்? இவ்வினா நூல்களில் மட்டும் எழுவதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் உடுவில் என்னும் ஊரிலே இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்து, இன்னும் விடை முற்றுப்பெறாதிருப்பது.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1824இல் உடுவிலில் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். மைரன் வின்சுலோவும் அவர் மனைவி ஹரியட்டும் அதற்கு வித்திட்டோராவர். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரார் வியந்த காலம் அது. ஆகவே பிள்ளைகளுக்கு உணவும் உடையும் இலவசமாக அளிக்கப்பட்டன. கிறிஸ்தவனை மணப்பவளுக்குச் சிறு சீதனமும் கொடுக்கப்பட்டது. கடல் கடந்து பணம் அனுப்பிய அன்பர்களின் பெயர்கள் பிள்ளைகள் பலருக்கு இடப்பட்டன. வறிய வீட்டுப் பெண்ணொருத்திக்குச் சோற்றோடு புதியதொரு பெயரும் வாய்த்தது.

இதனை வெறும் மதமாற்றத் தந்திரம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது, நியாயமன்று. ஹரியட் வின்சுலோ 1833இல் இம்மண்ணிலேயே மறைந்தார். அவருக்குப் பின்னர் வந்து பாடசாலையை நெடுங்காலம் நடத்திய எலைசா அக்னியூ, தாயகம் திரும்பாமலே 1883இல் மானிப்பாயில் உயிர்நீத்தார். தந்திரக்காரர் இத்துணை விலை கொடுப்பதில்லை. எனினும் கொடுப்பவரின் தூய்மை நிபந்தனையை நீக்கிவிடுமா? சோற்றை மறுக்க இயலாதவள் சோற்றோடு வருவதனையும் மறுக்க இயலாதவளே. மறுக்கும் உரிமையின்றி ஏற்ற விசுவாசம் விசுவாசமாகுமா? இது புறச்சமயத்தார் மட்டும் எழுப்பவேண்டிய கேள்வியன்று. கிறிஸ்தவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது.

அவனுடைய வேதமே இதற்கு அளவுகோலொன்றைத் தருகின்றது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் நல்ல சமாரியன், வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவனிடம் அவனது குலத்தையும் கொள்கையையும் விசாரிக்கவில்லை. குணமானபின் தன் வழிபாட்டிடத்துக்கு வரும்படியும் கேட்கவில்லை. பிரசங்கங்களில் பெரும்பாலும் அவனுடைய இரக்கமே பேசப்படுகின்றது. அவனுடைய அறிவை எவரும் பேசுவதில்லை! காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்ட அவன் அறிந்திருந்தான். சத்திரத்துக்கு எடுத்துச் செல்ல வாகனம் வைத்திருந்தான். மேற்கொண்டு ஆகும் செலவையும் முன்கூட்டியே எண்ணியிருந்தான். அருகில் அமர்ந்து அழுதிருந்தால் மட்டும் அம்மனிதன் பிழைத்திரான்.

இரக்கத்தோடு அறிவும் சேர்ந்த சேவைக்கு உடுவிலின் அயலிலேயே சான்றுண்டு. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயைத் தளமாகக்கொண்டு சிகிச்சை அளித்ததோடு நில்லாமல் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவரும் மதம் பரப்ப வந்தவரே. அதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் அவரிடம் உடற்கூற்றியல் பயின்றவன், அவரது சமயத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், கற்றதைத் தன்னோடு கொண்டுசென்றான். அவ்வறிவைத் திருப்பிக் கேட்க எவராலும் இயலாது. பெறுபவனைக் கொடுப்பவனாக்கிய அந்த ஈகையையே நான் உயர்ந்ததெனக் கொள்வேன்.

மாணவராகிய நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. மதம் பரப்பும் நோக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. ஆயினும் நிபந்தனைகள் உண்டு. நிவாரணப் பொதியோடு நிழற்படக் கருவியும் செல்கின்றது. வாங்குபவர் நன்றியோடு முகம் காட்டவேண்டும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் சுன்னாகம், மல்லாகம் பகுதிகளின் முகாம்களிற் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். அத்தகையோர்க்கு அரிசி வேண்டியிருந்தது, மெய்யே. காணி உறுதி தொலைந்தவர்க்கு முறையானதொரு விண்ணப்பமும் வேண்டியிருந்தது. சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்லவும் ஓராள் வேண்டியிருந்தது. கலைப்பீடத்தாரிடம் எண்ணெயும் திராட்சரசமும் ஏது என்று நண்பர் சிலர் நகைப்பதுண்டு. இரு மொழி அறிந்த மாணவனொருவன் மாலைப்பொழுதில் ஒரு மேசையும் பேனாவுமாக அங்கே அமர்ந்திருந்தால், அவனை எந்தச் சமயத்தவன் என்று எவரும் கேட்டிருக்கமாட்டார். அவனும் கேட்கவேண்டிய தேவை இருந்திராது.