பிரித்து வைக்கும் உரிமை

காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்க சமூகத்துக்கு எப்போது உரிமை உண்டு? டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்தில் இந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. சுத்தமான காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும்தான் வைத்தியம். நோயாளி விலகியிருந்தால்தான் வீட்டார் தப்பலாம் என்பதே அன்றைய நம்பிக்கை. 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட அந்த மருத்துவமனையின் பெயரால்தான் ரயில் நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்று வழங்குகிறது.

மருந்து வந்ததும் அந்த நியாயத்தைத் திரும்ப எடை போட வேண்டியதாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு ஆகியவை சேர்ந்து 1956-இல் சென்னையில் ஒரு சிகிச்சை மையத்தை அமைத்தன. அங்கே 193 நோயாளிகளில் யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஐசோநியாசிட், பாஸ் என்ற அதே மருந்துகள். நோயாளியின் விதியைக் குலுக்கலிடம் விடலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் எல்லோருக்கும் போதுமான படுக்கை அன்று இல்லை. எது மேல் என்று யாருக்கும் தெரியவும் இல்லை. அந்த நிலையில் சிபாரிசைவிடக் குலுக்கல் நேர்மையானது.

வீட்டில் இருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள். அப்படியிருந்தும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள் என்று 1959-இல் வெளியான முடிவு சொன்னது. உடன் வாழ்ந்தவர்களை ஐந்தாண்டுகள் கவனித்ததில், வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்றியதுதான் பெரும்பங்கு. பிரித்து வைப்பதற்கு இருந்த முக்கியமான நியாயம் இதோடு விழுந்தது.

ஆனாலும் வீட்டுச் சிகிச்சை முழு விடுதலை அல்ல. பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பாதியில் மருந்தை விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும், அது பிறரையும் பாதிக்கும் என்பதால் ஓரளவு கண்காணிப்புக்கு இடமுண்டு. ஆனால் வந்துபோகும் பணியாளரைப் பார்த்தே தெரு முழுக்க நோயை அறிந்துகொண்டால், அந்த அவமானத்துக்குப் பயந்தே நோயாளி மருந்தைக் கைவிடுவார். அக்கறை கெடுதலாக மாறும் இடம் அதுதான்.

பிரித்து வைக்கும் கேள்வி பின்னர் எச்ஐவியிலும் எழுந்தது. தாம்பரம் மருத்துவமனை 1993 முதல் எச்ஐவி நோயாளிகளையும் ஏற்றது. 2004-இல் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய முதல் மையங்களில் அதுவும் ஒன்று. எச்ஐவி உள்ளவரை ஒதுக்கி வைப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பாகுபாடு என்றே வகைப்படுத்தித் தடைசெய்கிறது. அச்சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.